லுங்கி மடிப்பில் மூன்று பீடி

ஜெயந்தி, பாபு,

இது உங்கள் இரண்டு பேருக்கும்தான். வேறு யார் கையிலாவது கிடைத்து அவர்கள் படித்தாலும் பரவாயில்லை, அவர்களுக்கும் உதவட்டும். அப்பா ஏழாம் வகுப்போடு நின்றவன். அளவு நோட்டில் இடுப்பு, நீளம், தொடை என்று எழுதிப் பழகிய கை இது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பாபு தன் ஆபீஸ் நண்பனை வீட்டுக்குக் கூட்டிவந்தான். அவன் சிகரெட்டை விட முடியாமல் தவிக்கிறானாம். ஜெயந்தி, நீ அவனிடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "எங்க அப்பாவைப் பாருங்க. தினம் ரெண்டு கட்டு பீடி குடிச்சவரு. மனசு வச்சாரு, ஒரே நாள்ல விட்டுட்டாரு." நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பீர்கள். வெட்கம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற வெட்கம் இல்லை.

பாபு இன்னொன்றும் அடிக்கடி கேட்பான். "கிருஷ்ணப்பா மாமா வந்தா மட்டும் ஏம்ப்பா உங்க மூஞ்சி சுருங்குது?" இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தொண்ணூற்றிரண்டில் நடந்தது. ஜெயந்தி அப்போது ஆறாவது, பாபு மூன்றாவது. பெங்களூர் மர்பி டவுனில் இதே வீடு. கடை மட்டும் இப்போது இருப்பதைவிடச் சின்னது, ஒரே மிஷின். ஸ்கூல் யூனிபார்ம் காலம் முடிந்த சமயம். மிஷின் மிதித்தால் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் நிறுத்தினால் விட்டுவிடும். நடந்தாலும் அப்படித்தான். அல்சூர் மார்க்கெட் போவதற்குள் மூன்று இடத்தில் நிற்பேன். வலியால் நிற்கிறேன் என்று தெரு பார்க்கக்கூடாது அல்லவா, அதனால் நின்ற இடத்தில் எல்லாம் ஒரு பீடி பற்ற வைப்பேன். பீடி குடிக்க நிற்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். நோயை மறைக்க நோயையே துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அது அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு இடது கால் சுண்டுவிரல் ஐஸ் மாதிரி குளிர்ந்தது. நிறம் மாறியது. ஒரு புண் வந்து ஆறவே இல்லை. தெருமுனை டாக்டர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. களிம்பு கொடுத்தார். விரல் கறுக்க ஆரம்பித்ததும் உங்கள் அம்மா என்னை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆட்டோவில் பாபு குனிந்து என் விரலை வாயால் ஊதிக்கொண்டே வந்தான். சுட்ட இடத்துக்குத்தானே ஊதுவார்கள், குளிர்ந்த விரலுக்கு ஊதுகிறானே என்று அம்மா அழுகையிலும் சிரித்தாள்.

அங்கே வெளி வராந்தாவில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தோம். பிறகு ஒரு சின்ன டாக்டர் என் பாதத்தின் மேலும் கணுக்காலுக்குப் பின்னாலும் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கையில் நாடி பார்க்கிற மாதிரி காலிலும் நாடி உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கு அது இல்லை. ஒரு பேனா மாதிரி கருவியை வைத்துப் பார்த்தார். ரத்தம் ஓடினால் அது உஷ், உஷ் என்று சத்தம் போடும். என் தொடையில் போட்டது, முழங்காலுக்குப் பின்னால் முனகியது, பாதத்தில் ஊமையாகிவிட்டது. மறுநாள் தொடையில் ஊசி போட்டு மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். ரத்தக்குழாய் போகிற வழி அந்தப் படத்தில் தெரியும். முழங்காலுக்குக் கீழே என் குழாய் அறுந்த நூல் மாதிரி நின்றுபோயிருந்தது.

பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கே காட்டினார். "டி.ஏ.ஓ.ன்னு சொல்லுவோம். பேரு உனக்கு வேணாம். புகை உள்ள போக உள்ள போக காலுக்குப் போற குழாய் வீங்கி அடைச்சுக்குது. மாத்திரை குடுப்போம், இடுப்புல ஒரு நரம்பை வெட்டுவோம், பாதத்துக்குக் கொஞ்சம் சூடு வரும். ஆனா அதெல்லாம் பக்க வாத்தியம்தான். பீடியை விட்டா கால் நிக்கும். விடலன்னா முதல்ல விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். பீடியா காலா, நீயே சொல்லு."

"கால்தான் சார்," என்றேன். டெய்லர் வேறு என்ன சொல்வான்? மிதிக்க இரண்டு கால் வேண்டும். வீட்டில் நாலு வயிறு.

ஆனால் அன்று மாலை அம்மா கொண்டுவந்த துணிப்பையில் ஊசியும் நூலும் இருந்தன, ஆஸ்பத்திரிச் சட்டைக்குப் பட்டன் இல்லையென்று நான்தான் கேட்டிருந்தேன். பட்டன் தைத்த கையோடு, என் நீல லுங்கியின் கீழ் மடிப்பைப் பிரித்து, மிச்சமிருந்த மூன்று பீடியை உள்ளே வைத்து நீல நூலால் மறுபடி தைத்துவிட்டேன். குடிக்க இல்லை, இருக்கட்டும் என்றுதான். சலவைக்காரன்கூடக் கண்டுபிடிக்க முடியாத தையல்.

பக்கத்துக் கட்டிலில்தான் கிருஷ்ணப்பா. ஆனேக்கல்காரன். அங்கிருந்து சிட்டி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் டெம்போ டிரைவர். என்னைவிட இரண்டு வயது சின்னவன். அதே நோய், அதே இடது கால். அவனுக்குக் கட்டைவிரலில் புண். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போடுவான்.

"என்ன குரு, உனக்கும் பீடி மகாராஜா குடுத்த பரிசா?" என்றான் முதல் நாளே. யாரைப் பார்த்தாலும் குருதான், நர்ஸைத் தவிர.

"ஆமாம்."

"எத்தனை கட்டு?"

"ரெண்டு."

"ரெண்டேயா? ச்சே! நான் நாலு. அப்போ நான் சீனியர்." வார்டே சிரித்தது. எனக்கு அந்த நிமிடமே அவனைப் பிடிக்கவில்லை. நோயில்கூட எனக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாவது நாள் சுகுணா மேடம் வந்தார். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. பழக்கத்தை விட முடியாத நோயாளிகளோடு பேசுவதுதான் அவர் வேலை. மருந்து எழுதாமல் பேச்சுக்கு ஒரு உத்தியோகமா என்று நினைத்தேன். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி மட்டும் கேட்டார்.

"முதல் பீடி எப்போ, ஆறுமுகம்?"

"எழுந்த உடனே மேடம்."

"இருக்கறதுலயே எது முக்கியமான பீடி? அது இல்லன்னா கை சும்மா இருக்காதே, அந்தப் பீடி?"

இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் விடு என்றார்கள், அம்மா உட்பட. நான் யோசித்துச் சொன்னேன். "ஒரு பேண்ட்டை முடிச்சு, நூலைக் கடிச்சுத் துப்பிட்டு, மடிச்சு வைப்பேன் பாருங்க. அப்போ ஒண்ணு."

"அப்போ அது வெறும் பீடி இல்ல. நீங்க உங்களுக்கே குடுத்துக்கற கூலி. கூலியை நிறுத்தச் சொன்னா யாரு ஒத்துப்பாங்க? அந்த நேரத்துக்கு வேற கூலி என்ன குடுக்கலாம், நீங்களே யோசிச்சு வைங்க. நான் சொன்னா அது என் யோசனை ஆயிடும்."

கிருஷ்ணப்பாவிடமும் அதையே கேட்டார். அவன் பதிலுக்குக் காத்திருந்தவன் மாதிரி, "ஆனேக்கல் ரோட்ல ரயில்வே கேட் மூடினா ஒரு பீடி மேடம். திறந்தா இன்னொண்ணு, சந்தோஷத்துக்கு," என்றான். மேடம் வாய்விட்டுச் சிரித்தார். என்னிடம் அப்படிச் சிரிக்கவில்லை.

பிறகு இரண்டு பேருக்கும் ஒவ்வொரு அட்டை கொடுத்தார். கட்டம் போட்ட மஞ்சள் அட்டை, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். ஒரு நாளுக்கு ஒரு கட்டம். புகைக்காத நாளுக்கு டிக், புகைத்த நாளுக்கு இன்ட்டு. "நான் எழுத மாட்டேன், சிஸ்டர் எழுத மாட்டாங்க, நீங்களே எழுதுங்க. யாரும் செக் பண்ண மாட்டோம். இன்ட்டு போட்டா தண்டனை இல்ல. ஏன், எந்த நேரத்துல, எந்தக் காரணத்துலன்னு சேர்ந்து பார்ப்போம், அவ்வளவுதான்." வாய் நமநமவென்றால் மெல்ல, ஆளுக்கு ஒரு பொட்டலம் லவங்கமும் கொடுத்தார். மேடம் போனதும் நான் என் பொட்டலத்தை எண்ணினேன். கிருஷ்ணப்பா தூங்கும்போது அவனுடையதையும் எண்ணினேன். அவனுடையதில் இரண்டு அதிகம்.

சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு அது பெரிய விஷயம்.

பீடி இல்லாத முதல் நான்கு நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டால், தலைக்குள் யாரோ பித்தான் இல்லாத சட்டையைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கழற்றுகிற மாதிரி. ஒன்றும் பொருந்தாது. கோபம் வரும், வியர்க்கும், எச்சில் ஊறும். லுங்கி மடிப்பைத் தடவிப் பார்ப்பேன். மூன்றும் இருக்கும். தலையைத் திருப்பினால் பக்கத்துக் கட்டிலில் கிருஷ்ணப்பா லவங்கத்தை மென்றுகொண்டு, "கேட் மூடியாச்சு, கேட் மூடியாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிடப்பான். அவன் அட்டையில் டிக் விழும்போது என் அட்டையில் விழாமல் இருக்கக்கூடாது. இந்த ஒரு நினைப்புதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. என் மனஉறுதி என்று ஊருக்குச் சொல்கிறீர்களே, ஜெயந்தி, அது உறுதி இல்லை அம்மா. பொறாமை.

பத்து நாளில் இரண்டு பேருக்கும் பத்து டிக். ஆனால் மேடம் அவன் கட்டில் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார். "நாலு கட்டுலேர்ந்து சைபர்! சும்மாவா?" என் ரெண்டு கட்டுலேர்ந்து சைபர் மட்டும் சும்மாவாம்.

பார்வை நேரம் நாலிலிருந்து ஏழு மணி வரை. அவனைப் பார்க்க ஆனேக்கல்லிலிருந்து யாராவது வாரம் ஒருமுறை வந்தால் அதிகம். அதனால் உங்கள் அம்மா அவனுக்கும் சேர்த்து ரசம் கொண்டுவர ஆரம்பித்தாள். கார்மென்ட்ஸில் பகல் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, பஸ்ஸில் தூக்குப்பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் மணலை வறுத்துத் துணியில் கட்டிக் கொண்டுவந்தாள், என் பாதத்துக்கு ஒத்தடம் கொடுக்க. சிஸ்டர் ஓடிவந்து பிடுங்கினார். "ரத்தம் ஓடாத காலுக்குச் சூடு தெரியாதும்மா, தோல் வெந்துபோயிடும்." அம்மா பயந்துபோய் என் பாதத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். உள்ளங்கைச் சூடு போதும் என்று சிஸ்டரே சொன்னார். அதற்குப் பிறகு தினமும் அரைமணி நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் வாய் சும்மா இருக்காது. "கிருஷ்ணப்பா அண்ணனைப் பாருங்க, எப்படிச் சிரிச்சிக்கினே இருக்காரு. நீங்களும் இருக்கீங்களே, செல்லாத காசு மாதிரி மூஞ்சை வச்சிக்கினு."

ஜெயந்தி, உன்னைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உனக்கு ஸ்கூலில் கன்னடம் கஷ்டமாக இருந்தது. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. நீ பையைத் தூக்கிக்கொண்டு வந்து நேராக அவன் கட்டிலில் ஏறி உட்காருவாய். அவன் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுப்பான். தப்பாகப் படித்தால், "அய்யோ கர்மா!" என்று தலையில் அடித்துக்கொள்வான், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். போகும்போது எனக்கு டாட்டா, அவனுக்கு "நாளைக்கு வரேன் மாமா." நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். நீ எனக்காகத் தைத்துக் கொண்டுவந்த சாக்ஸ், பழைய ஸ்வெட்டர் கையை வெட்டிச் செய்தது, என் தலையணைக்கு அடியில் இருந்தது. அது எனக்குப் போதவில்லை. மனுஷனுக்குப் பொறாமை வந்தால் தன் கையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

பதினோராவது நாள் காலை பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அந்தப் பேனா கருவியைக் கிருஷ்ணப்பா கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார். உஷ்... உஷ்... மெதுவாக, தூரத்தில் யாரோ பெருக்குகிற மாதிரி சத்தம். டாக்டர் எழுதுகிற பேனாவால் அந்த இடத்தில் நீலத்தில் ஒரு வட்டம் போட்டார், அடுத்த முறை தேடாமல் இருக்க.

"மெயின் ரோடு மூடியே இருக்கு. ஆனா சந்து பொந்துல ரத்தம் புகுந்து வர ஆரம்பிச்சிருக்கு. பீடியைத் தொடாதே. தொடலன்னா இந்தக் காலைக் காப்பாத்திடலாம்."

என் காலிலும் வைத்தார். சத்தமே இல்லை. "உனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்," என்றார். வட்டம் போடவில்லை.

கிருஷ்ணப்பா காலைத் தூக்கி வார்டுக்கே காட்டினான். "பாரு குரு, போலீஸ் சீல் வச்ச மாதிரி! கிளட்ச் மிதிக்கற காலுக்கு லைசென்ஸ் கிடைச்சுது!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கும் வரும் குரு. நாளைக்கே வரும்," என்றான். அந்தப் பரிவுதான் எனக்கு ஆகவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துப் புண்ணுக்குக் கட்டுப்போடக் கூட்டிப்போனார்கள். நான் லுங்கி மடிப்பைப் பல்லால் பிரித்தேன். ஒரு பீடியை எடுத்தேன். வார்டு பாய் மறந்து வைத்துவிட்டுப் போன தீப்பெட்டி ஒன்று என் அலமாரியில் கிடந்தது. இரண்டையும் கிருஷ்ணப்பாவின் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். குடிக்கமாட்டான் என்று நினைத்தேனா, குடிக்கட்டும் என்று நினைத்தேனா? இத்தனை வருஷம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். குடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவன் அட்டையில் ஒரே ஒரு இன்ட்டு விழ வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கால் வரைக்கும் என் புத்தி போகவில்லை.

சாயங்காலம் அவன் தாங்கு கட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது அந்த வாசனை. என் வாயில் எச்சில் ஊறியது. அவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

காலையில் மேடம் வருவதற்கு முன்பே அவனே நொண்டிப் போய், அட்டையில் பெரிதாக ஒரு இன்ட்டு போட்டான். யாரும் பார்க்கவில்லை, யாரும் செக் பண்ணப் போவதில்லை. போடாமலே இருந்திருக்கலாம். மேடம் வந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு கிருஷ்ணப்பா?"

"ஒண்ணு கிடைச்சுது மேடம். தலைகாணி அடியில கிடந்துச்சு."

"யாரு வச்சாங்க?"

"யாரோ, எப்பவோ மறந்துட்டுப் போனது போல." அவன் என் பக்கம் பார்க்கவில்லை.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் கையைத் தட்டினார். "நீங்க உண்மையா போட்ட இந்த ஒரு இன்ட்டு, பத்து டிக்கைவிடப் பெருசு. இப்போ சொல்லுங்க, அதைப் பார்த்ததும் மனசு என்ன சொல்லுச்சு?"

நான் பதினோராவது டிக் போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். என்னை யாரும் தட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இன்ட்டுக்கும் நான் பொறாமைப்பட்டேன்.

அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. நிற்கவில்லை. ஒன்று உள்ளே போனதும் அவன் உடம்பு மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டது. வெளியே டீ வாங்கப் போகிற ஆட்களிடம் சொல்லி வாங்கிவரச் செய்தான். ஒரு இன்ட்டு, ஒரு டிக், இரண்டு இன்ட்டு. மேடம் தினமும் வந்தார், ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. "விழுந்த இடத்துலேர்ந்துதானே எழுந்திருக்கணும், வேற ஊருக்குப் போயா எழுந்திருக்க முடியும்?" என்பார். அவனும் எழுந்து எழுந்து விழுந்தான். சிரிப்பு குறைந்தது. ஜெயந்திக்குப் பாடம் சொல்லும்போது நடுவில் நிறுத்தி எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். இரவில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கீழே தொங்கினால் கொஞ்சம் ரத்தம் இறங்கும், வலி மட்டுப்படும்.

கட்டைவிரல் கறுத்தது. கறுப்பு பாதத்தின் மேலே ஏறியது. காய்ச்சல் வந்தது. அந்த நீல வட்டம் அழிந்துபோயிருந்தது. பெரிய டாக்டர் கருவியை வைத்தார், மாற்றி மாற்றி வைத்தார். பிறகு கருவியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொன்னார்.

நான் டாக்டரின் பின்னாலேயே வராந்தாவுக்கு நொண்டிப் போனேன். "சார், ஒரே ஒரு பீடியால இப்படி ஆகுமா?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். "அவன் கால் வரும்போதே மோசம்தான். ஒண்ணு குடிக்காம இருந்திருந்தா நின்னிருக்குமான்னா, சொல்ல முடியாது. ஆனா ஒண்ணோட நிக்கறவன் யாருய்யா இருக்கான்?"

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் காலையில், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே கிருஷ்ணப்பா என் கையைப் பிடித்தான். "குரு, பயமா இருக்கு," என்றான். ஜோக் எதுவும் சொல்லவில்லை. அவன் போனதும் மீதி இரண்டு பீடியையும் எடுத்து, சீழ்த்துணி போடுகிற வாளியில் போட்டேன். மதியம் அவன் திரும்பி வந்தபோது, போர்வை இடது பக்கத்தில் பாதியோடு தட்டையாக இருந்தது. அன்று எனக்குப் பொறாமைப்பட ஒன்றும் மிச்சமில்லை. அப்படி ஒரு நாள் வேண்டுமென்றுதானே இருந்தேன்.

எனக்கு இடுப்பில் நரம்பு வெட்டினார்கள். சுண்டுவிரலை எடுத்தார்கள், அதோடு நின்றது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள், என் கணுக்காலில் உஷ் என்று சத்தம் கேட்டது. டாக்டர் நீல வட்டம் போட்டார். அம்மா அதை நனையாமல் பாலிதீன் கட்டி வைத்திருந்தாள். நீங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் காதை வைத்துக் கேட்டீர்கள். கருவி இல்லாமல் ஒன்றும் கேட்காது. "கேக்குதுப்பா!" என்றான் பாபு.

அட்டையை மேடம் எனக்கே கொடுத்துவிட்டார். ஒரு இன்ட்டுகூட இல்லை. "நீங்க அமைதியா ஜெயிச்சவரு ஆறுமுகம்," என்றார். எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை அது. அட்டையை வாங்கக் கை கூசியது.

ஐந்து மாதம் கழித்து, ஒரு பகலில், கிருஷ்ணப்பா கடைக்கு வந்தான். தாங்கு கட்டையோடு இரண்டு பஸ் மாறி. டெம்போ போய்விட்டது. ஆனேக்கல் சந்தையில் கொத்தமல்லிக் கட்டு விற்கிறானாம். பீடியைத் தொட்டு நாலு மாதம் ஆகிறதாம். இந்த முறை சுகுணா மேடத்தின் அட்டை இல்லாமல், வீட்டுக் காலண்டரிலேயே டிக் போட்டுக்கொண்டு வருகிறானாம். ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று பேண்ட்டை எடுத்து மிஷின்மேல் போட்டான்.

"இடது பக்கம் தொங்கி இழுக்குது குரு. மடிச்சுப் பின்னு குத்திக்கினு எத்தனை நாள் திரியறது? வேற டெய்லர்கிட்ட காட்ட மனசு வரல. நீயே வெட்டு."

டேப்பை எடுத்தேன். இடுப்பிலிருந்து ஆரம்பித்து முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது. என் கை அங்கேயே நின்றுவிட்டது. டேப்பைப் பிடித்தபடி, தலையைத் தூக்காமல் சொன்னேன். "கிருஷ்ணப்பா, அன்னிக்கு அந்தப் பீடி..."

"தெரியும் குரு."

நிமிர்ந்து பார்த்தேன்.

"அதுல நீல நூல் ஒட்டிக்கினு இருந்துச்சு. அந்த வார்டுல பல்லால தையல் பிரிக்கற ஆளு எத்தனை பேரு?" சிரித்தான். "அன்னிக்கே தெரியும்."

"மேடம் கேட்டப்போ ஏன் சொல்லல?"

"சொல்லி? வச்சது நீ. பத்த வச்சது யாரு? அப்புறம் காசு குடுத்து வாங்கிவரச் சொன்னது யாரு? என் கை. என் வாய். அது என் கணக்கு குரு. நீ அதை எடுத்துக்க வராதே." பிறகு தாங்கு கட்டையால் என் முழங்காலை லேசாகத் தட்டினான். "அளவு எடு, மார்க்கெட்டுக்குப் போகணும். ஜெயந்திக்குக் கன்னடத்துல எத்தனை மார்க்?"

பாருங்கள், என் தப்பையும் அவன் தன் பேரில் எழுதிக்கொண்டான். அதிலும் அவன்தான் பெரியவன். எனக்கு அழுகை வந்தது. அதற்குள்ளேயும் அந்தப் பழைய புழு ஒரு ஓரத்தில் நெளிந்தது. பொறாமை லேசில் சாகாது, பிள்ளைகளே. பீடியை விட்டு இத்தனை வருஷம் ஆகிறது, இதை இன்னும் முழுசாக விடவில்லை. அவன் தீபாவளிக்கு வந்து உங்களோடு சிரிக்கும்போது என் முகம் சுருங்குகிறதே, அது இதுதான்.

மூன்று பேண்ட்டையும் அவன் கண்முன்னாலேயே வெட்டினேன். இரண்டைத் தைத்துக் கொடுத்தேன். காசு நீட்டினான், வாங்கவில்லை. மூன்றாவதை மறுநாள் அனுப்புகிறேன் என்றேன். பஸ் ஸ்டாப் வரை கூட நடந்து போய் ஏற்றிவிட்டு வந்தேன். எங்கேயும் நிற்காமல் நடந்தேன்.

சாப்பாட்டு நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்றாவது பேண்ட்டை எடுத்தேன். இடது காலைக் குட்டையாக மடித்து, ஓரம் அடித்து, நூலைக் கடித்துத் துப்பினேன். மடித்து வைத்தேன். கை தானாகச் சட்டைப்பையைத் தேடியது. அந்தக் கூலி நேரம்.

பையில் இருந்த கையை எடுத்து, அளவு நோட்டைத் திறந்தேன். மஞ்சள் அட்டை அதற்குள்தான் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் டிக். அவன் தலையணைக்குக் கீழே பீடியை வைத்த நாள், அந்தப் பதினோராவது கட்டத்தைக் கண்டுபிடித்தேன். முதலில் கையில் வந்தது துணியில் கோடு போடுகிற சாக்பீஸ். அது தட்டினால் போய்விடும். அதை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, அந்த டிக்கின் மேலேயே, அழுத்தி, ஒரு இன்ட்டு போட்டேன்.